ஆனைமுடக்கு ஜீப்பின் பதினோரு ஒழுக்குகள்

மேகம் ஒன்றுகூட இல்லாத ஒரு பங்குனி வியாழக்கிழமை காலையில், நாலாவது கொண்டை ஊசி வளைவில், என் ஜீப்பின் கூரை ஒழுக ஆரம்பித்தது. பதினோரு இடத்தில்.

முதல் சொட்டு என் உச்சந்தலையில். அடுத்தது, முன்சீட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்த தவமணி கங்காணியின் வழுக்கையில். அப்புறம் வரிசையாக, பின்னால் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்த ஆட்கள் எல்லார் தலையிலும், தலைக்கு ஒன்று என்று பங்கிட்டுக் கொடுத்ததுபோல. சில்லென்று இருந்தது. ஐப்பசி மழையின் குளிர் அது. பங்குனியில் எந்தத் தண்ணீருக்கும் அந்தக் குளிர் கிடையாது.

"மேல எவன்டா தண்ணியக் கொட்டுறது?" என்று கங்காணி கூரையைத் தட்டினார்.

மேலே, காரியரில், மேல்பாறை ஆட்கள் பதினோரு பேர் இருந்தார்கள். எங்கள் ஊர் நாகலாற்று ஆட்கள் கீழே சீட்டில், மேல்பாறை ஆட்கள் மேலே காரியரில். ஆனைமுடக்கு ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற ஜீப்பில் அப்படித்தான். யார் போட்ட சட்டம் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் வண்டி ஓட்டுகிறவன்.

என் தலைக்கு நேர் மேலே எப்போதும் உட்காருகிறவள் குனிந்து, சன்னல் வழியாகத் தலைகீழாக எட்டிப் பார்த்தாள்.

"குடிக்கவே தண்ணியக் காணோம். இதுல கொட்டுறாகளாம்," என்றாள். தலை மேலே போய்விட்டது.

நிறுத்தி, இறங்கி, ஏறிப் பார்த்தேன். கூரையின் மேல் புழுதி. கையை வைத்தால் ஐந்து விரலும் பதிகிற அளவு காய்ந்த புழுதி. இறங்கி உள்ளே பார்த்தேன். சொட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து ஓட்டினேன். எட்டு மணிக்குத் தோட்டத்துக் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

வண்டியைப் பற்றி ஒரு தடவை சொல்கிறேன். அறுபத்து நாலாம் வருஷத்து ஜீப். பட்டாளத்தில் ஓடி, கழித்துக் கட்டப்பட்டு, மூன்று கை மாறி என் கைக்கு வந்து நாற்பத்தொரு வருஷம். முதலில் படுதாக் கூரைதான் இருந்தது, தகரக் கூரையைச் சிக்கந்தர் பாயின் அப்பா போட்டார், தகட்டை மடித்து, ரிவெட் அடித்து, விளிம்பில் தண்ணீர் ஓட வாரி வைத்து, அதன் மேல் இரும்புக் காரியரை நிறுத்தி. அன்றிலிருந்து இந்த மலையில் பெய்த அத்தனை மழையிலும், பாலம் போன மழையிலும், ரோடே போன மழையிலும், ஒரு சொட்டு உள்ளே வந்ததில்லை. பிரேக் போயிருக்கிறது. அச்சு முறிந்திருக்கிறது. ஒரு தடவை ஸ்டியரிங்கே கையோடு வந்திருக்கிறது. ஒழுகியதில்லை.

ஒழுக்கு பொய் சொல்லும். இது தெரியாதவன் கூரையைத் தொடக்கூடாது. சொட்டுகிற இடத்தில் ஓட்டை இருக்காது. தண்ணீர் முன்கண்ணாடி ரப்பரில் நுழைந்து, தகட்டு மடிப்பில் ஊர்ந்து, ரிவெட்டுக்கு ரிவெட் நின்று இளைப்பாறி, கடைசியில் பின்கதவுக்கு மேலே வந்து ஒன்றும் அறியாததுபோல் சொட்டும். சொட்டுகிற இடத்தில் பேஸ்டை அப்புகிறவன் முட்டாள். அதையும் உள்ளேயிருந்து அப்புகிறவன் வடிகட்டின முட்டாள்.

சிக்கந்தர் பாய் மலையடிவாரத்தில் டிங்கர் பட்டறை வைத்திருக்கிறார். நல்ல வேலைக்காரர். வாய் ஓயாது. அது ஒன்றுதான் குறை.

"மழையே இல்ல, ஒழுகுதுங்கிறீங்க. ரேடியேட்டரா இருக்கும் பொம்மையாண்ணே."

"ரேடியேட்டர் கூரையிலயா இருக்கு?"

"உங்க வண்டில எது எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

கூரையின் உள்பக்கம் முழுக்கக் கோலமாவைத் தூவித் தடவினோம். தண்ணீர் நுழைந்தால் மாவில் கோடு விழும், கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் ஓட்டை. பாய் ஓஸ் பைப்பைப் பிடித்தார், கீழேயிருந்து மேலே, அதுதான் முறை. முதலில் வாரி, அப்புறம் கண்ணாடி ரப்பர், அப்புறம் மடிப்பு, கடைசியில் உச்சி. ஒரு மணி நேரம் ஊற்றினார். நான் உள்ளே அண்ணாந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு கோடு இல்லை. மாவு அப்படியே இருந்தது. வண்டியைத் தள்ளி வெயிலில் நிறுத்தினோம். பதினோரு இடத்தில் மாவு கரைந்து என் மூஞ்சியில் விழுந்தது.

மறுநாள் உச்சி வெயிலில் சன்னலையெல்லாம் கம்பளியால் மூடி, உள்ளே இருட்டாக்கி, பாய் ஊசி வெளிச்சம் தேடினார். இல்லை. அதற்கு மறுநாள் கதவை அடைத்துச் சாம்பிராணி போட்டோம், புகை எங்கே வருகிறதோ அங்கே ஓட்டை. புகை வரவில்லை. பாய்தான் இருமிக்கொண்டு வந்தார். அப்புறம் ரிவெட் அத்தனையும் பிடுங்கிப் புதிது அடித்தோம், ரப்பரை மாற்றினோம், வாரியில் முப்பது வருஷமாக ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து கிடந்த பேஸ்டைச் சுரண்டி வெறும் தகரத்தைக் கண்ணால் பார்த்துப் புதுசாகப் பூசினோம். அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு, வெயிலில், பதினோரு இடத்தில் ஒழுகியது.

ஊர் பழகிக்கொண்டது. நாகலாறு எதற்கும் பழகிக்கொள்ளும். முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் ஜீப்புக்குள் குடை விரித்தார்கள், ஒருத்தர் குடைக்கம்பி அடுத்தவர் காதில் குத்திச் சண்டை வந்தது. மூன்றாம் வாரம் டம்ளர் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார்கள். நாலாம் வாரம் டீக்கடை அமராவதி அந்தத் தண்ணீரை வாங்கி டீ போட்டு, இலை கம்மியாகப் போட்டால் போதும், தண்ணீரிலேயே காரம் இருக்கிறது என்றாள். அதற்குள் எந்தச் சொட்டு என்ன வாசம் என்று எல்லாருக்கும் மனப்பாடம். பின்சீட்டு இடது மூலைச் சொட்டில் பீடி வாசம் அடித்தது. அதற்கடுத்த சொட்டில் மஞ்சள். நடுவில் விழுவதில் தாய்ப்பால். கதவோரத்தில் விழுவதில் மலைத்தேன், தேனீ கொட்டினால் வருகிற எரிச்சலோடு. பீடியை விட்ட ஆண்கள் இடது மூலைக்கு அடித்துக்கொண்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் மஞ்சள் சொட்டுக்கு இடம் சொல்லி வைத்தார்கள். என் தலையில் விழுந்ததில் வாசம் ஒன்றும் இல்லை. குளிர் மட்டும்.

ஹைஸ்கூல் வாத்தியார் மழைமானி கொண்டுவந்து வைத்தார். ஒரு வாரத்தில் பதினாறு சென்டிமீட்டர், ஜீப்புக்குள். ஊருக்குச் சைபர். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். எவனோ முன்பம்பரில் மஞ்சள் துணி கட்டி எலுமிச்சம்பழம் குத்தி வைத்தான். பிய்த்து எறிந்தேன். மறுபடி கட்டினான். மறுபடி எறிந்தேன்.

"சாமி குத்தம் ஆயிரும் மாமா," என்றாள் அமராவதி.

"சாமி எதுக்குடி என் வண்டில ஒழுகுது? அதுக்கு வேற எடமா இல்ல?"

மேலே இருந்தவர்கள் மட்டும் நனையவில்லை. அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஊருக்கு அது வேடிக்கை. வண்டிக்கு அது சாவு. தரைத்தகடு துருவேறிப் பொரிந்தது. ஒயரில் தண்ணீர் இறங்கி ஹாரன் தானாக அடித்தது. கருவிப் பெட்டியில் ஸ்பேனருக்கு நடுவே தலைப்பிரட்டை நீந்தியது. சித்திரை பிறந்தபோது தகுதிச் சான்றுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். ஆய்வாளர் சின்னப் பையன், புதுசு. உள்ளே தலையை விட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன பெரியவரே, உள்ள மழை பெய்யுது?"

"வெயில்லதான் ஒழுகுது."

"அப்ப மழையில கொண்டாங்கன்னா சொல்ல முடியும்? இவ்வளவு பழைய வண்டிக்கு ஒரு தடவைதான் டைம். ரெண்டு வாரம் கழிச்சு புதன்கிழமை. உள்ள ஒரு சொட்டு விழுந்தாலும் பழைய இரும்புன்னு எழுதிருவேன்."

எழுதினால் எழுதினதுதான். இரும்புக் கடையில் வெட்டுவார்கள். பார்த்திருக்கிறேன். என் சம்சாரம் ஜக்கம்மா போன பிறகு வீட்டில் யாரோடும் பேச வேண்டியிருக்கவில்லை, வண்டியில் யாரும் என்னைப் பேசச் சொன்னதில்லை. காலையில் சாவியைத் திருகினால் ஒரு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொள்ளும் அந்தச் சத்தம்தான் எனக்கு மிச்சம். அதை நான் யாருக்கும் விளக்கப் போவதில்லை. வண்டி போனால் நானும் போனேன். அவ்வளவுதான் கணக்கு.

பட்டறையில் பாய் கூரையின் உள்பக்கத்தை முழுக்கத் துடைத்தெடுத்தார். சொட்டு விழுகிற பதினோரு இடத்திலும் சாக்பீஸால் வட்டம் போட்டார். பிறகு வாரியிலிருந்து நூல் பிடித்து அளந்து, அதே அளவை மேலே வைத்து வட்டம் போடுவதற்காகக் காரியரைக் கழற்றி இறக்கினோம். காரியர் கம்பி எப்போதோ தொய்ந்து தகரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டிருந்தது. கழற்றியபின் கூரை தெரிந்தது.

பதினோரு குழி. ஆழம் இல்லை, உள்ளங்கை அளவுக்குக் குழிந்து, பெயின்ட் தேய்ந்து, பளபளவென்று. மேலே போட வேண்டிய வட்டத்துக்கு அளவே தேவைப்படவில்லை.

பாய் சாக்பீஸைக் கீழே போட்டார். குனிந்து ஒரு குழியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"அண்ணே," என்றார். "இது இந்த வருசத்து மழை இல்ல."

"பின்ன?"

"மேல உக்காந்திருக்காகள்ல. அவுங்க மேல பெஞ்சது."

"வேலையப் பாருய்யா."

மரச் சுத்தியலால் உள்ளேயிருந்து தட்டி, பதினோரு குழியையும் சமமாக்கினார். காலையில் போய்ப் பார்த்தால் குழி அதே இடத்தில் இருந்தது.

அது ஊருக்குள் போய்விட்டது. பாயின் வாய் அப்படி. டீக்கடையில் கூடினார்கள். கங்காணி மழைக்கோட்டோடு வந்தார், இப்போதெல்லாம் அவர் அதைக் கழற்றுவதே இல்லை.

"மேல ஆள் ஏத்துறதாலதான் ஒழுகுது. ஏத்தாதீங்க," என்றார்.

ஏற்றவில்லை. மேல்பாறை ஆட்கள் இரண்டு நாள் நடந்து போனார்கள். சொட்டு தாரையாக மாறியது. முழங்கால் வரை தண்ணீரில் கால் வைத்து பிரேக் பிடித்தேன். மூன்றாம் நாள் திரும்ப ஏற்றினோம்.

"பாவம், அவுங்களும் நனைஞ்சவுகதான். ஆளுக்கொரு குடை குடுப்போம்," என்றாள் அமராவதி.

கொடுத்தோம். பதினோரு கறுப்புக் குடை. ஐந்தாம் வளைவில் காற்று வாங்கிக்கொண்டு போனது. மூன்று குடை மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இறங்கியதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அடுத்து தார்ப்பாய் கட்டிக் கொடுத்தோம். ஒழுகியது. அடுத்து அவர்களுக்கு ஊர்ச்சாப்பாடு போட்டோம், பாறை மேல் இலை விரித்து, அப்பளத்தோடு. சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுப் போனார்கள். ஒழுகியது. கடைசியில் கங்காணி எழுந்து, காரியருக்கு மேலே இன்னொரு தகரக் கூரை போட்டுவிடுவது என்று முடிவு சொல்ல, அதற்கு எல்லாரும் தலையை ஆட்ட, சிக்கந்தர் பாய் என்னைப் பார்த்துப் பார்த்து வெல்டிங் வைத்தார். என் ஜீப் இரண்டு கூரையோடு, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கின சப்பரம்போல, ஆடிக்கொண்டு மலையேறியது. மேல்பாறை ஆட்கள் இரண்டு கூரைக்கும் நடுவில் முதுகை வளைத்துத் தலையை முழங்காலுக்குள் சொருகிக்கொண்டு வந்தார்கள். மேல் கூரையும் ஒழுகவில்லை, அவர்களும் நனையவில்லை, கீழே மட்டும் முன்னைக்கு இரண்டு மடங்கு கொட்டியது.

"அப்ப மூணாவது கூரை," என்றார் கங்காணி.

"வானத்துக்கே தகரம் அடிக்கச் சொல்வீக போலயே!" என்று பாய் கத்தினார்.

ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. குடை தந்தார்கள், சோறு போட்டார்கள், கூரைக்கு மேல் கூரை போட்டார்கள். அதை மட்டும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை, ஏழாம் வளைவுக் குழியில் வண்டி விழுந்து எழுந்தபோது, மேலே பதினோரு தலையும் புதுத்தகரத்தில் ஒன்றாக மோதின. என் தலைக்கு மேலே உட்காருகிறவள் முதலில் குதித்தாள். மற்றவர்களும் இறங்கினார்கள்.

"இனி நடந்தே போயிக்கிறோம்," என்றாள். நெற்றியில் ரத்தம். அவள் அதைத் துடைக்கவில்லை.

புதனுக்கு நாலு நாள் இருந்தது. கூரை அருவியாகக் கொட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மேல்பாறைக்கு நடந்தேன். ரோடு கிடையாது, பாறையில் வெட்டின படி. நாற்பத்தொரு வருஷத்தில் ஏறியதில்லை. அவள் வாசலில் உட்கார்ந்து சீமாறு கட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நான் உட்காரவும் இல்லை.

"புதன்கிழமை வண்டியக் காட்டணும்."

"காட்டுங்க."

"ஒழுகுது."

"தெரியும்."

"ஓட்டை எங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"ஓட்டையே இல்ல டிரைவரே." கை நிற்கவில்லை, புல்லை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னாள். "எங்க மேல பெஞ்சது எங்கதான் போகும்? கொஞ்சம் குடிச்சோம். கொஞ்சம் சேலையில புழிஞ்சோம். மிச்சம் உங்க தகரத்துல எறங்கிக் கெடந்துச்சு. இப்ப அது ஆளத் தேடி வருது. வந்தா வேற ஆளு உக்காந்திருக்கு. அதான் நிக்க மாட்டேங்குது."

"அப்ப வந்து உக்காருங்க."

"எங்க?"

அவளுக்குத் தெரியும். இருந்தும் கேட்டாள். கீழே ஊரைப் பார்த்தேன். இவ்வளவு உயரத்திலிருந்து என் ஜீப் இரண்டு கூரையோடு தீப்பெட்டிபோலத் தெரிந்தது.

"உள்ள," என்றேன்.

"சீட்டுலயா?"

"சீட்டுலதான். அவுகவுக சொட்டுக்குக் கீழ."

அப்போது சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"என் சொட்டு எங்க விழுதுன்னு தெரியும்ல?"

தெரியும். என் உச்சந்தலையில்.

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?" என்றேன். கத்தினேன் என்றும் சொல்லலாம்.

"பத்து வயசுலருந்து முப்பது வருசமா உக்காந்திருக்கேன். எந்த வளைவுல ரெண்டு போடுவீங்க, எங்க கிளட்சை அமுக்குவீங்க, எங்க கெட்ட வார்த்தை பேசுவீங்க, அம்புட்டும் என் குண்டிக்குத் தெரியும்."

"ஸ்டியரிங்க நான் எவனுக்கும் குடுத்ததில்ல."

"குடுக்காதீங்க. ஒழுகட்டும்."

முடியாது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். படியில் இரண்டு இடத்தில் கால் சறுக்கியது. மேலே சிரிப்புச் சத்தம் கேட்டதோ என்னவோ.

திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் வண்டியை இரும்புக் கடைக்கு ஓட்டிப் போனேன். எப்படியும் வரப்போகிற இடம், பார்த்துவிடலாம் என்றுதான். கடைக்காரன் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து, ஒரு சுற்று சுற்றி, கூரையை விரல் முட்டியால் தட்டினான். உள்ளே தண்ணீர் கொட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இங்கருந்து ஆரம்பிக்கலாம்," என்றான். பக்கத்தில் ஒரு வேனின் பாதி நின்றுகொண்டிருந்தது. முன்பாதி. விளக்கு இரண்டும் இருந்தது.

வண்டியைத் திருப்பினேன். நேராக மேல்பாறைப் படியடிக்குப் போய் நின்று ஹாரன் அடித்தேன். அது தானாகவும் அடித்தது.

செவ்வாய்க்கிழமை காலையில், வழக்கமான நேரத்துக்குக் கங்காணி மழைக்கோட்டோடும் மற்ற ஒன்பது பேர் குடையோடும் வந்தபோது, ஜீப்புக்குள் இடம் இல்லை. பின்சீட்டில் எட்டுப் பேர், முன்சீட்டில் இரண்டு பேர், ஸ்டியரிங்கில் அவள். பதினோரு பேர் தலையிலும் அருவி கொட்டிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் துடைக்கவில்லை.

"இதென்னய்யா கூத்து? நான் எங்க உக்கார?" என்றார் கங்காணி.

"மேல," என்றேன்.

"மேலயா? நானா?"

"ரெண்டு கூரை இருக்குல்ல. நனைய மாட்டீரு."

"பொம்மையா, நீ யாருகிட்டப் பேசுறன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரிஞ்சுதான். எட்டு மணிக்குக் கேட்டைச் சாத்திருவாங்க. ஏறும், இல்ல நடையும்."

நடந்தார். மழைக்கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு, திரும்பித் திரும்பி ஏசிக்கொண்டே நடந்தார். மற்றவர்களில் ஐந்து பேர் அவரோடு சேர்ந்து ஏசிக்கொண்டு போனார்கள். நாலு பேர் என் பின்னால் காரியரில் ஏறினார்கள். ஏறியதும் நாலு பேருக்கும் தலையில் இடித்தது. எனக்கும்தான். நாங்களே போட்ட கூரை.

அவள் சாவியைத் திருகினாள். ஒரு தடவை இருமியது, பிடித்துக்கொண்டது. எனக்கு மட்டும்தான் அப்படிப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன்.

படுத்துக்கொண்டு தகரத்தில் காதை வைத்தேன். அடியில் பதினோரு தாரையும் கேட்டது. முதல் வளைவு. முதல் கியரில் அலறவிட்டாள். "ரெண்டு போடு!" என்று கத்தினேன். அதற்குள் போட்டிருந்தாள். இரண்டாம் வளைவில் இடது மூலைத் தாரை மெலிந்து, சொட்டாகி, நின்றது. பீடி வாசம் மட்டும் மேலே ஏறி வந்தது, கீழே ஒரு கிழவனார் செருமிக்கொண்டு, "என் பீடிதான், என் பீடிதான்," என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் வளைவில் மஞ்சள் நின்றது, கல்யாணமான மறுநாள் வேலைக்கு வந்து, மழையில் முகத்து மஞ்சளெல்லாம் கரைந்து போன ஒருத்தி இந்த வயதில் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். நாலாம் வளைவில் தேன் நின்றது. ஐந்தில் பால் நின்றது, அந்தச் சொட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் நாற்பது வயது மகனின் வாயை முந்தானையால் துடைத்துவிட்டாள் என்று பிறகு சொன்னார்கள், அவனும் பேசாமல் காட்டிக்கொண்டிருந்தான் என்று சொன்னார்கள். ஆறில் இரண்டு, ஏழில் மூன்று, எட்டில் ஒன்று. இப்படித் தகரம் ஒவ்வொரு வாயாக மூடிக்கொண்டு வர, கடைசியில் ஒரே ஒரு தாரை, என் காதுக்கு நேர் கீழே, மற்ற பத்தும் சேர்ந்ததுபோல் கொட்டியது.

எனக்கு மேலே தகரம் வெயிலில் கொதித்தது. நெஞ்செலும்பு கம்பியில் இடித்தது. குழியில் விழும்போதெல்லாம் முதுகு புதுக்கூரையில் அடித்தது. அவள் ஒரு குழியைக்கூட விடவில்லை. வேண்டுமென்றே ஏற்றினாளா, தெரியாமல் ஏற்றினாளா, நான் கேட்கவில்லை. ஒன்பதாம் வளைவில் எனக்குப் பின்னாலிருந்தவன் வாந்தி எடுத்தான். பத்தாம் வளைவில் நான் கெட்ட வார்த்தை பேசினேன். அங்கே எப்போதும் பேசுகிற வார்த்தைதான். கீழேயிருந்து அவளும் அதையே சொன்னாள், எனக்கு அரை நொடி முன்னால்.

தோட்டத்துக் கேட்டில் வண்டி நின்றது. எஞ்சினை அணைத்தாள். காதை எடுக்காமல் கிடந்தேன். சொட்... சொட்... நீண்ட இடைவெளி. இன்னொரு சொட். அவ்வளவுதான்.

இறங்கிப் போனேன். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். தலையிலிருந்து கால்வரை தண்ணீர். குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தது, அந்த வெயிலில்.

"எறங்கு," என்றேன்.

"இருங்க. காயட்டும்," என்றாள்.

நின்றேன். அவள் காயும்வரை வெயிலில் நின்றேன்.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டுதான் இருக்கிறது. சுகமாக இல்லை. முதலில் வருகிறவர் சீட்டில், பிந்தி வருகிறவர் மேலே. இதற்காக விடியாமலே வந்து செருப்பைப் போட்டு இடம் பிடிக்கிறார்கள், தினம் சண்டை, இரண்டு தடவை மண்டை உடைந்தது. கங்காணி வேறு ஜீப்பில் போகிறார். அமராவதி, நல்ல டீத்தண்ணீர் போச்சே என்று என்னை ஏசுகிறாள். ஏசட்டும்.

புதன்கிழமை ஆய்வாளர் வண்டியை வெயிலில் நிறுத்தச் சொன்னார். ஒரு மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தார். பிறகு ஓஸ் பைப்பை வைத்து ஊற்றச் சொல்லி இன்னொரு அரை மணி. சட்டை நனையாமல் வெளியே வந்தார். இரண்டாவது கூரை எதற்கு என்று கேட்டார். ஊரைக் கேளுங்கள் என்றேன். ஒரு படிவத்தை நீட்டினார்.

"பழுது நீக்கினது யாருன்னு இதுல பேரு வேணும் பெரியவரே. நீங்களே எழுதுங்க."

சிக்கந்தர் பாய் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"பாய், பேனாவ மட்டும் குடு. நீ ஒண்ணும் கிழிக்கல."

"மூணு வாரம் ரிவெட் அடிச்சேன்ணே!"

"அதத்தான் சொல்றேன்."

அவள் முன்சீட்டில் உட்கார்ந்து சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் போட்ட கியருக்குச் சான்று தருகிறார்களா என்று பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லியிருந்தாள். பக்கத்தில் போனேன்.

"உங்கப்பன் பேரு என்ன?"

"வீரணன். எதுக்கு?"

பானட்டின் மேல் படிவத்தை வைத்தேன். தகடு சுட்டது. எனக்குக் கையெழுத்துக் கோணல், அதனால் பெரிதாக எழுதினேன்: மேல்பாறை வீரணன் மகள் சடைச்சி.